ஒரு குலைப் பாதை

அந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அவரை ரூட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரே வழித்தடம், போக இருபத்திரண்டு நிறுத்தம், வர இருபத்திரண்டு நிறுத்தம். ஒரே தார்ச்சாலையில் தேய்ந்த மனிதர் ஓய்வு பெற்றதும் என்ன செய்வார்? தார் இல்லாத பாதையாகத் தேடிப் போனார். ஆற்றோரத்து வண்டிப் பாதை, மரம் ஏற்றும் லாரிகளுக்காகக் காட்டுக்குள் போட்ட சரளைக்கல் பாதை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே டிராக்டர் போகும் மண் பாதை என்று, எங்கெல்லாம் தார் முடிகிறதோ அங்கெல்லாம் அவருடைய தடித்த டயர் சைக்கிள் தொடங்கியது. போனதோடு நிற்கவில்லை. பாதைகளை ஒன்றோடொன்று கோத்து, போனில் வரைபடமாக்கி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்துக்குக் கொடுத்தார். நாலு வருஷமாகச் சங்கம் ஓடுவதே அவர் போட்ட பாதைகளில்தான்.

சங்கத்தின் வார நோட்டீஸில் ஒவ்வொரு பாதைக்கும் அவர் மதிப்பெண் போலத் திராட்சைக் குலை போடுவார். ஒரு குலை என்றால் யாரும் ஓட்டலாம். இரண்டு என்றால் பழகியவர்கள் மட்டும். மூன்று என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும். குலை போடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மேட்டின் உச்சிக்கு ஏறியதும், சைக்கிளை விட்டு இறங்காமல், தன் பழைய பஸ்ஸின் நிறுத்தங்களை வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவார். டிப்போ, பழைய பாலம், தபாலாபீஸ், மில் கேட், மீன் மார்க்கெட்... இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் ஒரு குலை. நடுவில் நின்று மூச்சு இழுத்தால் இரண்டு. மீன் மார்க்கெட்டையே தாண்ட முடியவில்லை என்றால் மூன்று. சிரிக்காதீர்கள். நாலு வருஷத்தில் ஒரு முறைகூட இந்தக் கணக்குத் தப்பியதில்லை. யார் கேட்டாலும், "ரூட்டுக்காரர் போட்ட குலை, கண்ண மூடிட்டுப் போகலாம்" என்பார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ இறுக்கிப் பிடித்தது. மனைவியிடம் சொல்லவில்லை. மனைவியின் தம்பியிடம் சொன்னார். சைக்கிள் கடை வைத்திருக்கிற அந்த மச்சான் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, மாத்திரை போடுங்கள், சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள், ஆனால் மேட்டில் மல்லுக்கட்டாதீர்கள் என்றார். மச்சான் யோசித்து ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தான். பார்க்கச் சாதாரண சைக்கிள். பேட்டரி சட்டத்தின் குழாய்க்குள் ஒளிந்திருந்தது. ஹேண்டில்பாரில் விரல்நுனி அளவுக்கு ஒரு பொத்தான். அழுத்தினால், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல மேட்டில் ஏற்றிவிடும்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா" என்றான் மச்சான்.

"நேரம் பாத்து சொல்றேன்" என்றார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். மாத்திரையைச் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டார். புதுச் சைக்கிளைப் பற்றி வீட்டில் கேட்டபோது, பழைய சட்டத்துக்குப் புதுப் பெயின்ட் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் ஜன்னல் திரைகள் தைப்பவர். வாரத்தில் ஆறு நாள் மெஷின் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மெஷினும் நிற்கும், கணவரும் இருக்க மாட்டார். அந்த ஒரு நாள் அந்த அறையில் கடிகாரம் மட்டும் டக்டக்கென்று பேசிக்கொண்டிருக்கும். அவரோ ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது, "நீயும் வாயேன்" என்று கேட்காமல் இருந்ததில்லை. ஆற்றங்கரையில் நின்று நாரையைப் பார்க்கும்போது பக்கத்தில் திரும்பி, "அங்க பாரு" என்று சொல்ல ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்ட நாட்கள் எத்தனையோ. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

ஆகவே, அந்த வியாழக்கிழமை மனைவி துணியை மடித்துக்கொண்டே, "இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றபோது, அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"மூணு மாசமா தம்பி சொல்லித் தர்றான். குடோனுக்குப் பின்னாடி மைதானத்துல. சைக்கிளும் வாங்கி அவன் கடைல வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

பாவம் அந்த மச்சான். அக்காவின் ரகசியம் ஒரு கையில், மாமாவின் ரகசியம் ஒரு கையில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"நோட்டீஸ் பாத்தேன், ஒரு குலைன்னு போட்டிருக்கீங்க" என்றார் மனைவி. "அதான் வர்றேன். ஒரு குலைகூட என்னால முடியலன்னா சைக்கிள வித்துடுவேன். அதுக்கப்புறம் வா வான்னு கூப்பிடக் கூடாது."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். இந்த அம்மாள் அப்படியல்ல. ஒரு காலத்தில் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். நாலாம் நாள், இவர் பாடும்போது ஆசிரியை லேசாக முகத்தைச் சுளித்தார். அன்றோடு விட்டவர்தான், இருபது வருஷமாகிறது, சமையலறையில்கூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவரிடம் நடக்காது. ரூட்டுக்காரருக்கு இது நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை காலை மனைவியின் சைக்கிளுக்கு பிரேக் சரிபார்க்கக் கடைக்குப் போனார். மச்சான் கையில் எண்ணெயோடு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இந்தக் காட்டு மேட்டுக்கு ஒரு குலையா போட்டிருக்கீங்க?"

"ஆமா. நாலு மாசத்துல இதான் புதுப் பாதை. போன வாரம் போய்ப் பாத்துட்டு வந்தேன். மேல ஏறினதும் இருபத்திரண்டு ஸ்டாப்பும் ஒரே மூச்சுல சொன்னேன். கடைசி ஸ்டாப்ப ரெண்டு தடவ வேற சொன்னேன்." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று உச்சியிலேயே மகிழ்ந்துபோய்க் குலையைப் போட்டவர்.

"எந்த சைக்கிள்ல ஏறினீங்க?"

மூச்சு வாங்காமல் ஏறிய சந்தோஷத்தில், ஏன் மூச்சு வாங்கவில்லை என்பதையே மனிதர் மறந்திருக்கிறார். ஏறியது மோட்டார், குலை போட்டது இவர்.

"அந்த மேட்ல நானே மூணு எடத்துல நின்னுருக்கேன்" என்றான் மச்சான். "அது மூணு குலை மாமா. ரொம்ப தாராளமா பாத்தாலும் ரெண்டே முக்கால். அக்கா எப்படி ஏறும்?"

"வேற பாதைக்கு மாத்திட்டா?"

"ஏன் மாத்தினீங்கன்னு சங்கத்துல எல்லாரும் கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"ஆத்துப் பாலம் ரிப்பேர்னு சொல்லிடலாம்."

"நம்ம சங்கத்து பேக்கரியம்மா கடை வாசல்ல நின்னா பாலம் தெரியும். பேசாம அக்காகிட்ட உண்மைய சொல்லுங்க."

"மோட்டாரச் சொன்னா டாக்டரச் சொல்லணும். டாக்டரச் சொன்னா, சைக்கிளத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு என்ன வீட்ல உக்கார வெச்சிடுவா."

"அப்ப அக்கா உக்காந்துடும். யாராவது ஒருத்தர் உக்காரத்தான் போறீங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டினான்.

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ரூட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். மனைவி கட்டில்மேல் கையுறை, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஷூவின் கயிற்றைச் செயினில் மாட்டாமல் இருக்க எப்படி உள்ளே சொருகுவது என்று ஒத்திகை வேறு நடந்தது. நிமிர்ந்து பார்த்து, "மேடு ரொம்ப இருக்குமாங்க?" என்று கேட்டார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

"ஒரு குலைதாம்மா" என்றார்.

போன வாரம் குலை போட்டது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே சொன்ன பொய். தன்மேல் அவருக்கே எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பேக்கரிக்கு முன்னால் இருபத்துநாலு பேர் கூடினார்கள். பேக்கரியம்மா கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். பல் டாக்டர் போன மாதம் வாங்கிய புதுச் சக்கரங்களை எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். ரூட்டுக்காரரின் மனைவி வந்திருக்கிறார் என்றதும், "அக்கா வந்துட்டாங்களா" என்று ஆளாளுக்கு வந்து விசாரித்தார்கள். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே பெல்லை ஒரு முறை அடித்துக் காட்டினார். இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று ரூட்டுக்காரர் மறுபடியும் தள்ளிப்போட்டார்.

பாலத்தைத் தாண்டிப் பாதை இடப்பக்கம் இறங்கி ஆற்றோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கவலை என்ற ஒன்றே இல்லை. டயருக்கு அடியில் சரளைக்கல் நறநறவென்று அரைபட்டது. ஒரு பக்கம் கோரைப்புல், அதற்கப்பால் ஆறு. இன்னொரு பக்கம் அறுவடை முடிந்த வயல். எதிர்க்காற்று கிடையாது. முதல் இரண்டு கிலோமீட்டர் ஹேண்டில்பாரை விறைப்பாகப் பிடித்திருந்த மனைவி, மூன்றாவதில் தோளைத் தளர்த்தினார், ஐந்தாவதில் பேச ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷம் தையல் மெஷின் மிதித்த கால்கள் சும்மா சொல்லக் கூடாது, நின்று நிதானமாகச் சுழன்றன.

"அங்க பாரு, நாரை" என்றார் ரூட்டுக்காரர்.

"எங்க?"

"அந்தக் கல்லு மேல."

"நாலு வருஷமா இதையெல்லாம் நீங்க மட்டும் பாத்துட்டு இருந்தீங்களா?" என்றார் மனைவி. செல்லக் கோபம்தான். ரூட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷமே, இன்னும் அரைமணியில் காடு வந்துவிடும் என்ற நினைப்பு வந்து அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது.

காடு வந்தது. பாதை ஆற்றை விட்டுத் திரும்பி மரங்களுக்குள் நுழைந்து ஏறத் தொடங்கியது. இரண்டரை கிலோமீட்டர் மேடு. முதல் வளைவு வரை எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வளைவில் பேச்சு நின்றது. மூன்றாம் வளைவில் பல் டாக்டர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். பேக்கரியம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுக்குப் பேரு ஒரு குலையா? முழுத் தோட்டமே இருக்கும் போலிருக்கே" என்றார்.

மனைவி மட்டும் விடவில்லை. மிக லேசான கியருக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பெடல் பெடலாக ஏறினார். ஒரு முறை நின்றார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஏறினார். இரண்டாம் முறை நின்றபோது கால்கள் நடுங்கின. அப்போதும் ஏறினார். பக்கத்தில் ரூட்டுக்காரர் பொத்தானை அழுத்தியபடி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல முதுகு நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தார். சந்தேகம் வரக் கூடாதே என்று நடுநடுவே புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குவது போல நடிப்பு வேறு. அந்த நடிப்பு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் முறை மனைவி நின்றபோது சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். அதை ஒரு மரத்தில் சாய்த்தார். கையுறைகளைக் கழற்றி, ஒன்றை இன்னொன்றுக்குள் மடித்துப் பையில் வைத்தார்.

"எல்லாருந்தான் தள்ளிட்டு வர்றாங்க, பாரேன்" என்றார் ரூட்டுக்காரர்.

"நீங்க எறங்காம ஏறிட்டு வர்றீங்களே. உங்களுக்கு அறுபத்திரண்டு. எனக்கு அம்பத்தாறு." குரலில் கோபம் எதுவும் இல்லை. "ஒரு குலைன்னா யார் வேணா ஓட்டலாம்னுதான சொல்வீங்க. என்னால முடியல. அவ்வளவுதான். நீங்க போங்க, நான் மெதுவா தள்ளிட்டு எறங்கிடறேன். நாளைக்குத் தம்பிகிட்ட சொல்லி இத வித்துடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆத்தோரம் ரொம்ப நல்லாருந்துச்சுங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ரூட்டுக்காரரைக் கொன்றுவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இது ஒரு குலை இல்ல" என்றார்.

"சமாதானம் சொல்லாதீங்க."

"சமாதானம் இல்லம்மா. இது மூணு குலை."

"முப்பது வருஷமா சமையல்ல உப்பு கூடினாலும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளு நீங்க. விடுங்க."

நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தால் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. ரூட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பல் டாக்டரும் பேக்கரியம்மாவும் தள்ளிக்கொண்டு அருகில் வந்துவிட்டார்கள். பின்னால் மச்சான். சரி, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தன் சைக்கிளை விட்டு இறங்கினார். பக்கத்தில் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து, பொத்தானை விடாமல் அழுத்தினார். மெல்லிய ரீங்காரத்தோடு, மேலே ஆள் இல்லாத சைக்கிள் அவரையும் இழுத்துக்கொண்டு மேட்டில் தானாக நாலடி ஏறியது.

பல் டாக்டர் குனிந்து சைக்கிள் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மோட்டாரா?" என்றார் பல் டாக்டர். "எத்தன நாளா?"

"நாலு மாசமா."

"அப்ப போன மாசம் தோட்டத்து மேட்ல என்ன முந்திட்டுப் போனது?"

"மோட்டார்தான்."

"அந்த வெறுப்புலதான் நான் இந்தச் சக்கரத்தையே வாங்கினேன்" என்று பல் டாக்டர் தன் புதுச் சக்கரங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பேக்கரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து, மூச்சு திணறி, மறுபடி மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி சிரிக்கவில்லை. "எதுக்கு மோட்டார்?" என்று கேட்டார்.

"மேட்ல நெஞ்சு இறுக்குச்சு. டாக்டர் மேட்ல கஷ்டப்பட்டு ஏறாதீங்கன்னாரு. வேற ஒண்ணுமில்லன்னும் சொன்னாரு. மாத்திர குடுத்திருக்காரு."

"டாக்டர்கிட்ட யாரு கூட வந்தது?"

"உன் தம்பி."

மச்சான் சட்டென்று குனிந்து தன் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தான். அக்கா அவன் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேய், நான் எவ்வளவு ஏறியிருக்கேன்?"

"முக்கால்வாசிக்கு மேலக்கா."

"இது மூணு குலைதானா? சத்தியமா?"

"சத்தியமாக்கா. நானே முழுசா ஏறினதில்ல."

"மூணு குலை மேட்ல முக்கால்வாசி, காலாலேயே" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டினார். அவமானம் தாங்காமல் ரூட்டுக்காரர் மோட்டாரை அணைக்கப் போனார்.

"அத அணைச்சீங்கன்னா பாருங்க" என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமலேயே.

மிச்ச மேட்டை அவர் ஏறினார். இரண்டு முறை நின்றார். கடைசி வளைவில் சைக்கிள் ஆடியாடிப் பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போனது. ரூட்டுக்காரர் பத்தடி பின்னால், மோட்டாரின் ரீங்காரத்தோடு வந்தார். முன்னால் போகிற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மரங்கள் முடிந்தன. மேடு தீர்ந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள், வரிசை வரிசையாக வெயிலில் கிடந்தன; நடுவே வெள்ளை மண் பாதை ஊரை நோக்கி இறங்கியது.

மனைவி சைக்கிளைக் கிடத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். ரூட்டுக்காரர் பக்கத்தில் போய், எந்த நேரமும் திட்டு விழும் என்று தயாராக உட்கார்ந்தார். கீழே வளைவில் பல் டாக்டரும் பேக்கரியம்மாவும் யார் முதலில் தள்ளி முடிப்பது என்று சண்டை போடுவது கேட்டது.

"டாக்டர்கிட்ட போனப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்டார் மனைவி.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. "இருந்துச்சு" என்றார். "ரொம்ப இருந்துச்சு."

மனைவி தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஞாயித்துக்கிழமைல தனியா போனீங்க. சரி, எனக்கு ஓட்டத் தெரியாது, விட்டேன். பயப்படறதுக்கும் என்ன விட்டுட்டுத் தனியாத்தான் போவீங்களா?"

ரூட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் தூசி விழுந்தது என்று சொல்லலாம் என்றால் அங்கே காற்றும் அடிக்கவில்லை. பேசாமல் துடைத்துக்கொண்டார்.

"இனிமே போக மாட்டேன்" என்றார்.

"செவ்வாக்கிழம டாக்டர்கிட்ட நான் வர்றேன்."

"அவரு அடுத்த மாசந்தான் வரச் சொல்லியிருக்காரு."

"உங்கள அடுத்த மாசம் பாக்கட்டும். நான் அவரச் செவ்வாக்கிழம பாக்கறேன்." மனைவி எழுந்து பின்பக்கம் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தினார். கீழே இறங்கும் பாதையைக் கொஞ்சம் பயத்தோடும் நிறைய ஆசையோடும் பார்த்தார்.

"எறங்கறதுக்கு பிரேக் முன்னாடியா பின்னாடியா?"

"ரெண்டும், மெதுவா."

"சரி. பக்கத்துலயே வாங்க" என்றார் மனைவி.